வளைவில் பிடிக்கிற கை

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. ஸ்பேனர் பிடித்தே பழகிய விரல்களில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்பதும் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. என் மகள் உட்கார்ந்து திருத்திக் கொடுத்திருக்கிறாள். அவள் கண்ணுக்குத் தப்பிய பிழைகளைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பேசத் தெரியாதவன். தோள்பட்டை இறங்கிப்போய், வயது ஆகும் முன்பே வேலையிலிருந்து நின்றேன். அன்று ஒர்க்‌ஷாப்பில் மாலை போட்டு, மைக்கைக் கையில் கொடுத்து, "அனுபவத்தச் சொல்லுங்கண்ணா" என்றார்கள். "எல்லாருக்கும் நன்றிங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஒருநாள் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மெக்கானிக் ஒருவர், "இப்பெல்லாம் ரீகால்னா போனுக்கே மெசேஜ் வந்துருது. அப்ப எப்படிங்கண்ணா வண்டியத் தேடிப் புடிச்சீங்க?" என்று கேட்டார். அவருக்கும் வாயால் பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மெக்கானிக் அல்லாதவர்களுக்காக ஒரு வரி. விற்றுப்போன வண்டியில் ஏதோ ஒரு பாகம் சரியில்லை என்று வண்டி செய்த கம்பெனிக்கே தெரியவந்தால், அந்த வரிசையில் செய்த வண்டிகளையெல்லாம் திரும்பக் கூப்பிட்டு, காசு வாங்காமல் மாற்றிக் கொடுப்பார்கள். அதுதான் ரீகால். பெரும்பாலும் பிரேக், ஸ்டீயரிங் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

என் அப்பா மங்கலத்தில் தறி ஓட்டினார். எனக்குத் தறிச் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை. திருப்பூரில் ஒரு பட்டறையில் சக்கரம் கழற்றப் போனேன். கழுவினேன், கிரீஸ் போட்டேன், அடி வாங்கினேன், கற்றுக்கொண்டேன். பிறகு ஒரு வேன் கம்பெனியின் சர்வீஸ் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து கடைசிவரை அங்கேயே இருந்தேன்.

அங்கே மேனேஜராக இருந்தவர் தேவராஜ் சார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனால் ரீகால் கடிதம் வருகிற அன்று அவர் நடந்துகொள்கிற முறையே வேறு. முதலில் கம்ப்ரசரை நிறுத்தச் சொல்வார். ரேடியோவை நிறுத்தச் சொல்வார். ஒர்க்‌ஷாப் முழுக்க அமைதியானதும் எங்களை நிற்கவைத்து, இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொல்வார். முடிந்ததும் ஒவ்வொருவரையும் பார்த்து, "என்ன சொன்னேன்? நீங்க சொல்லுங்க கேக்குதேன்" என்பார். ஒரு வார்த்தை மாறினாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். என் முறை வரும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்காக அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. "நீங்க சொல்ல வேண்டாம் ரங்கசாமி, செஞ்சு காட்டுங்க" என்பார்.

கழற்றிய பாகங்களை எடைக்குப் போட முடியாது. கம்பெனி ஆள் வந்து பார்த்து, அவர் கண்முன்னால் கேஸ் கட்டரால் அறுக்கிறவரை வைத்திருக்க வேண்டும். அதற்கென்று ஒரு அறை இருந்தது. ஒவ்வொரு பாகத்திலும் வண்டி நம்பர் அட்டையைக் கட்டி, கம்பியில் வரிசையாகத் தொங்கவிடுவோம். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைத் திறக்கும்போது மட்டும் எல்லா அட்டைகளும் ஒரே பக்கமாகத் திரும்பும். உள்ளே போக எங்களில் பலருக்குப் பிடிக்காது. "ஆளுக ஓட்டிட்டிருந்த வண்டியோட எலும்புங்கண்ணா இதெல்லாம்" என்று பெயிண்டர் ஒருவர் சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் வாசலிலேயே நின்றுகொள்வார்.

கண்ணுக்குத் தெரியாத குறை என்றால் என்ன என்பதைச் சார் எனக்கு ஒரு பிரேக்கில் காட்டிக்கொடுத்தார். பனியன் மூட்டை ஏற்றுகிற சின்ன வண்டி. பிரேக் அருமையாகப் பிடித்தது. எங்கும் ஒழுக்கு இல்லை. என்னை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து, "மெதுவா மிதிச்சு, அப்படியே காலை வச்சிருங்க, அழுத்தாதீங்க" என்றார். வைத்திருந்தேன். பெடல் கல் மாதிரி நின்றது. பிறகு என் காலுக்குக் கீழே அது தானாக இறங்க ஆரம்பித்தது. ஈரமண்ணில் கால் புதைவதைப் போல மெல்ல, ஒரே சீராகக் கீழே போனது. நான் காலை உதறி எடுத்துவிட்டேன். சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் தேய்ந்து, எண்ணெய் உள்ளுக்குள்ளேயே கசிகிறது, வெளியே ஒரு சொட்டு வராது என்று சார் விளக்கினார். "நல்லாத்தான் பிடிக்குன்னு ஓனர் சொல்லுவாரு. அவரு பொய் சொல்லல. அதுதான் இதுல பயமே" என்றார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

ஒரு வருஷம் வேன்களுக்கு ஸ்டீயரிங் ரீகால் வந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் கால் பக்கத்தில், இரண்டு ராடுகளைச் சேர்க்கிற ஒரு ஜாயிண்ட் இருக்கிறது. மடங்கித் திரும்புகிற கணுக்கால் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு இரும்பு. அதன் நான்கு முனைகளிலும் தொப்பி போட்டதுபோல் சின்னச் சின்ன பேரிங். அந்த வரிசை வண்டிகளில் பேரிங்குக்குள் தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கிறது என்பதுதான் குறை. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஒற்றை விரலால் ஸ்டீயரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை சுற்ற வேண்டும். துருப்பிடித்திருந்தால் ஒரே ஒரு இடத்தில் விரலை லேசாகத் தடுக்கும். தடுத்தால் மாற்ற வேண்டும்.

முதலில் வந்த வேன் கணியூர்க்காரருடையது. ஸ்டீயரிங் எங்காவது தடுக்கிறதா என்று கேட்டதும், "ஆமாங்க, புடிக்குதுங்க. எல்லா எடத்துலயும் இல்லீங்க. வாய்க்கா மதகு வளைவு இருக்குதில்லீங்க, அங்க மட்டும். யாரோ குறுக்க கைய நீட்டிப் புடிச்சு உடற மாதிரி" என்றார். சொல்லும்போது வலது கையை நீட்டி, விரல்களை மூடித் திறந்து காட்டினார்.

அடுத்து வந்தவர் வேறு ஊர். அவருக்குக் குளத்து வளைவு. "யாரோ புடிக்கற மாதிரி" என்றார். அதே கையை அதே மாதிரி நீட்டினார். மூன்றாவது ஆளுக்குச் சுடுகாட்டு வளைவு. இவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. அந்தக் கை நீளுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு முதுகில் என்னவோ ஊர்ந்தது.

காரணம் பெரிய மர்மம் இல்லை. துரு தடுப்பது ஸ்டீயரிங்கின் ஒரு குறிப்பிட்ட திருப்பத்தில் மட்டும்தான். தினமும் ஒரே வழியில் பனியன் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப் போகிற வேனுக்கு, அவ்வளவு திருப்பம் வேண்டியிருக்கிற வளைவு வழியில் ஒன்றே ஒன்று இருக்கும். ஆகவே அந்த வளைவில் மட்டும் பிடிக்கும். வண்டியில் குறை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இடத்தில்தான் குறை என்று நினைத்தார்கள். வளைவில் வண்டியை நிறுத்தி எலுமிச்சம்பழம் நறுக்கிப் போட்டார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், கோழி அறுத்தார்கள். பெண்களை ஏற்றிக்கொண்டு மறுநாளும் அதே வண்டியைத்தான் எடுத்தார்கள்.

சில வண்டிகள் வரவே இல்லை. கைமாறி விற்றுப்போயிருந்தன. அவற்றைத் தேட எங்களுக்கு வழி காட்டியது இந்த எலுமிச்சம்பழம்தான். சாரும் நானும் பைக்கில் கிராமம் கிராமமாகப் போனோம். சார் டீக்கடையில் நின்று, "இந்தப் பக்கம் ஏதாச்சும் வேன்காரர் வளைவுல நின்னு பூசை போடுதாரா?" என்று கேட்பார்.

குன்னத்தூரைத் தாண்டி ஒரு கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, பேயோட்டறவிங்களா? பேண்ட் சட்டையெல்லாம் போட்டுட்டு வந்திருக்கறீங்க?"

"இல்லீங்க, வேன் ரிப்பேர் பாக்கறவங்க" என்றேன். அன்று நான் பேசிய முதல் வாக்கியம் அது.

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று சிரித்துவிட்டு, கையால் வழி காட்டினார். "அந்த ஆலமரத்து வளைவுல நம்ம செல்லமுத்து கெடாயே வெட்டிப்புட்டாருங்க. போய்ப் பாருங்."

நல்ல வெயில் நேரம். போகிற வழியில் அந்த வளைவு வந்தது. சார் பைக்கை நிறுத்தினார். தார் ரோட்டின் ஓரத்தில் குங்குமம் தடவிய எலுமிச்சைத் துண்டுகள் கிடந்தன. காய்ந்து கறுத்தவை, பாதி காய்ந்தவை என்று ஒன்றின்மேல் ஒன்றாக. புதியது ஒன்றுகூட இல்லை. அதை நான் கவனித்தேன். ஏன் மனதில் தைத்தது என்று அப்போது தெரியவில்லை.

செல்லமுத்து வீட்டு வாசலில் வேன் நின்றது. எங்கள் வரிசை வண்டிதான். செல்லமுத்து நாற்பது வயதுக்காரர், பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற காண்ட்ராக்ட் எடுத்து ஓட்டுகிறவர். அவர் மனைவி ஈஸ்வரி மோர் கொடுத்தார். சார் விஷயத்தைச் சொல்லி, வளைவில் பிடிக்கிறதா என்று கேட்டார்.

"புடிச்சுதுங்க. நாலு மாசமாப் புடிச்சுது. ஆனா இப்ப இல்லீங்க" என்றார் செல்லமுத்து. முகமெல்லாம் சந்தோஷம். "கெடா வெட்டுனமில்லீங்க, அதுக்கப்பறம் நின்னுபோச்சு. பட்டு மாதிரி ஓடுதுங்க."

அப்போதுதான் அந்த எலுமிச்சைத் துண்டுகள் ஏன் பழசாகவே இருந்தன என்று எனக்குப் புரிந்தது.

சார், "எதுக்கும் ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போயி மாத்திக் குடுத்திருதோம்" என்றார்.

செல்லமுத்து தலையை ஆட்டினார். "அது மட்டும் ஆகாதுங்க. முன்ன வச்சிருந்தவரு போன் பண்ணுனாரு, கம்பெனில கூப்படறாங்கன்னு. கருப்பராயன் கோயல்ல பூக் கேட்டனுங்க. செவப்பு வந்துருச்சு. சாமி வேண்டாம்னு சொல்லிருச்சுங்க."

எங்கள் பக்கம் இது வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, மனதில் கேள்வியை வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. கல்யாணமே இப்படி நின்றுபோயிருக்கிறது. சார் தெற்கத்திக்காரர், ஆனால் இத்தனை வருஷத்தில் இதையெல்லாம் அறிந்தவர். சாமியோடு அவர் வாதாடவில்லை. "நீங்க ஓட்ட வேண்டாம். எங்க ரங்கசாமி ஓட்டிட்டு வருவாரு. ஒரு மணி நேரத்துல திருப்பிக் கொண்டாந்திருவோம்" என்று சாவிக்குக் கையை நீட்டினார். செல்லமுத்து தரவில்லை. சாவி வண்டியிலேயே இருந்தது.

நான் ஏறி உட்கார்ந்தேன். ஜாக்கி போடவில்லை. பவர் ஸ்டீயரிங் வண்டி என்பதால் இன்ஜினை மட்டும் போட்டு, ஒற்றை விரலால் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். தடுக்கவில்லை. இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன். எங்கேயும் தடுக்கவில்லை. எத்தனையோ வண்டிகளில் அந்த இடத்தில் என் விரலைப் பிடித்த கை, இந்த வண்டியில் இல்லை. தண்ணீரில் விரலை விட்டுச் சுழற்றுவதைப் போல இருந்தது.

இன்ஜினை அணைத்து இறங்கிவிட்டேன்.

"என்ன ரங்கசாமி?"

"ஓட்ட வேண்டாமுங்க சார்."

"ஏன், எங்கயும் பிடிக்கலையே?"

"அதுதானுங்க சார்."

சார் என் முகத்தையே பார்த்தார். பிறகு அவர் முகமும் மாறியது. பேரிங் துருப்பிடித்து இறுகினால் தடுக்கும். இறுகின பேரிங் நொறுங்கித் தூளாகிவிட்டால், தடுப்பதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது. பட்டு மாதிரி சுற்றும். அதற்கடுத்து நடப்பது ஒன்றே ஒன்றுதான்.

அந்த நேரத்தில் மதிய ஷிப்டுக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஊருக்குள் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் தங்கியிருந்தவர்கள், கையில் சாப்பாட்டுத் தூக்குடன். பாதிப் பேர் உள்ளூர், பாதிப் பேர் ஒடிசாக்காரப் பெண்கள். வழக்கம்போல் கதவைத் திறந்து ஏறப் போனார்கள்.

"ஏத்தாதீங்க" என்றார் சார். முதல்முறையாக அவர் குரல் உயர்ந்து நான் கேட்டேன்.

செல்லமுத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னங்க நீங்க? புடிச்சாலும் கொறைங்கறீங்க, புடிக்காட்டியும் கொறைங்கறீங்க! ஒரு ஷிப்டு லேட்டானா சூப்பர்வைசர் காண்ட்ராக்ட்ட வேற ஆளுக்குத் தூக்கிக் குடுத்துருவான். ஷெட்டுக்கு உடவேண்டாம்னு சாமியே சொல்லிருச்சு. நான் சாமி பேச்சக் கேப்பனா, உங்க பேச்சக் கேப்பனா?"

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்ற ஈஸ்வரி, கணவரிடம் மெதுவாக ஒன்று கேட்டார். "ஏனுங்க, நீங்க என்ன கேள்வி வெச்சுக் கேட்டீங்க?"

"வண்டிய ஷெட்டுக்கு உடலாமான்னு."

"அதுக்குத்தான வேண்டாம்னுச்சு. கம்பெனிக்கு ஓட்டலாமான்னு கேக்கவே இல்லீங்களே."

செல்லமுத்து கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வாங்க, கேட்டுப் போடலாம்" என்றார் ஈஸ்வரி.

கோயில் தெருக்கோடியில்தான். அரளிச் செடியும் நந்தியாவட்டையும் கோயிலுக்குப் பின்னாலேயே நின்றன. ஈஸ்வரி ஒன்றில் சிவப்பும் ஒன்றில் வெள்ளையும் வைத்து இலையில் மடித்து, முந்தானைக்குள் குலுக்கிக் கருப்பராயன் காலடியில் போட்டார். கேள்வி தெரியாதவர் எடுக்க வேண்டும் என்பது முறை. அதனால் வேனில் ஏற வந்த ஒடிசாப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டார்கள். அவளுக்குத் தமிழே தெரியாது. பிரசாதம் என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்தபடி குனிந்து ஒன்றை எடுத்து ஈஸ்வரியிடம் நீட்டினாள்.

வெயிலில் ஒரு காக்காய் சத்தம்கூட இல்லை. ஈஸ்வரி இலையைப் பிரித்தார். சிவப்பு.

"என்ன கேட்ட?" என்றார் செல்லமுத்து.

"இன்னிக்கு இந்த வண்டி நம்ம வாசலத் தாண்டலாமான்னு."

செல்லமுத்து என்னைப் பார்த்து, "வாசலத் தாண்டக் கூடாதுன்னா எப்படிங்க ஷெட்டுக்குக் கொண்டுபோவீங்க?" என்றார்.

"வாசல்லயே கழட்டக் கூடாதுன்னு சாமி சொல்லலீங்களே" என்றார் ஈஸ்வரி.

டூல் பை பைக்கிலேயே இருந்தது. நான் ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து, ஜாயிண்ட்டை மூடியிருந்த ரப்பர் உறையை இழுத்தேன். பழுப்புத் தூள் என் முகத்தில் கொட்டியது. மிளகாய்த்தூள் மாதிரி நைசான துரு. கண்ணைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். பேரிங் இருந்த இடத்தில் பேரிங் இல்லை. நடுவிலிருந்த இரும்பு ஒரு பக்கமாகச் சரிந்து, மேல் ராடும் கீழ் ராடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் நின்றன. நான் ஸ்பேனரை இன்னும் எடுக்கவில்லை. இரண்டு விரலால் தொட்டேன். கீழ் ராடு தானாக விலகி என் மார்பின்மேல் சாய்ந்தது.

"திருப்புங்க" என்றேன், படுத்தபடியே.

செல்லமுத்து வெளியே நின்றபடி கையை விட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பினார். அது சுற்றியது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. முன்சக்கரம் அசையவில்லை. அவர் கையை எடுத்த பிறகும் அது ஒரு சுற்றுச் சுற்றித்தான் ஓய்ந்தது. வாசலில் நின்ற பெண்கள் அதைப் பார்த்து முதலில் சிரித்தார்கள், ராட்டினம் மாதிரி இருந்ததால். பூ எடுத்த பெண்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். சக்கரத்தைப் பார்த்தாள், ஸ்டீயரிங்கைப் பார்த்தாள், வேனுக்குள் தான் தினமும் உட்காருகிற இடத்தைப் பார்த்தாள்.

செல்லமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "காலைல ஓட்டிட்டுப் போய்ட்டு வந்தனுங்களே. வண்டி நெறயா ஆளு. ஆலமரத்து வளைவுல திரும்புச்சுங்களே. அப்ப யாருங்க திருப்புனது?"

சார், இரண்டு இரும்பும் உரசிக்கொண்டு நின்றிருக்கும், அந்தப் பிடிமானத்தில் திரும்பியிருக்கும் என்று சொன்னார். சரியான பதில்தான். ஆனால் சொல்லி முடிக்கும்போது அவர் குரல் தேய்ந்துவிட்டது. என் விரல் தொட்டிருக்காவிட்டாலும், இன்னும் பத்து வார்த்தை பேசுகிற நேரத்தில் அது தானாகவே விலகியிருக்கும். அதை அவரும் பார்த்திருந்தார். சாவி வண்டியிலேயே இருந்ததும், ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற வழியில் பெரிய ரோட்டில் லாரிகள் ஓடுகிறதும், அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்திருந்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

அன்று பெண்களை ஈஸ்வரியின் அண்ணன் டிராக்டரில் கொண்டுபோய் விட்டார். காண்ட்ராக்ட் போகவில்லை. சார் அன்றே வேன் கம்பெனிக்கு எழுதினார். வண்டியை ஓட்டிக்கொண்டு வாருங்கள் என்று யாரையும் கூப்பிடக் கூடாது, நாங்களே போய்ப் பார்க்க வேண்டும் என்று. அதன்பிறகு எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஓனரிடம் கேட்கிற கேள்வியும் மாறியது. "பிடிக்கிறதா?" என்று கேட்டுவிட்டு, "பிடித்துக்கொண்டிருந்தது நின்றுவிட்டதா?" என்றும் கேட்போம். அந்த இரண்டாவது கேள்விக்கு ஒருவர் ஆமாம் என்றால், நாங்கள் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் அடுத்த பேச்சே பேசுவோம்.

ரீகால் முடிந்தது. எல்லா வண்டிகளிலும் மாற்றியாயிற்று, ஒன்றைத் தவிர. அது பல கை மாறி, எந்த ஊரில் ஓடுகிறது என்றே தெரியாமல் போனது. நானும் சாரும் விசாரிக்காத வளைவு இல்லை. சார் ஓய்வு பெற்றுப் போகும்போதும் அதைத்தான் கேட்டார். இன்றைக்கு அது பெயிண்ட் மாற்றி, நம்பர் பிளேட் புதிதாக எழுதி, ஏதோ ஒரு கம்பெனி வாசலில் பெண்களை இறக்கிக்கொண்டிருக்கலாம். உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

எழுதத் தெரியாத நான் இவ்வளவும் எழுதியது அந்த வண்டியை ஓட்டுகிறவருக்காக. அண்ணா, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. உங்கள் வழியில் ஒரு வளைவில் யாரோ ஸ்டீயரிங்கைப் பிடிப்பது போல இருந்தால் ஒர்க்‌ஷாப்புக்குச் சொல்லி அனுப்புங்கள். கொஞ்ச நாளாக அந்தக் கை பிடிப்பதில்லை, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து நிற்கிற இடத்திலேயே வண்டியை நிறுத்தி, எல்லோரையும் இறக்கிவிடுங்கள். ஒரு அடிகூட நகர்த்த வேண்டாம். நாங்கள் வந்து பார்க்கிறோம்.

— ரங்கசாமி
புரட்டாசி, மூன்றாம் சனிக்கிழமை